நிர்வாகக் குழுவில் வெளியாளுக்கு இடம் கொடுக்கலாமா?

ஒரு சங்கத்தைப் பதிவு செய்வதற்காகத் துணைவிதி (பைலா) எழுத உட்காருகிறவர்கள் பெயர், முகவரி, நோக்கம், சந்தா எல்லாவற்றையும் மளமளவென்று எழுதிவிடுவார்கள். நிர்வாகக் குழு என்ற தலைப்பு வந்ததும் வேகம் குறையும். குழுவில் யார் யார் இருக்கலாம்? "உறுப்பினர் மட்டும்தான். நம்ம சங்கத்தை நாமே நடத்துவோம்" என்பார் ஒருவர். "நம்மில் கணக்குத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லையே, வெளியிலிருந்து நல்ல ஆடிட்டர் ஒருவரைச் சேர்த்தால் என்ன?" என்பார் இன்னொருவர். பெரும்பாலும் யாராவது பக்கத்துச் சங்கத்தின் பைலாவை வாங்கி, அந்தப் பகுதியை அப்படியே எடுத்துப் போட்டுப் பேச்சை முடித்துவைப்பார். ஐந்தாறு வருடம் கழித்துச் சண்டை வரும்போது எல்லாரும் தேடி எடுத்துப் படிப்பது அந்தப் பகுதியைத்தான்.

புதிதாகச் சங்கமோ டிரஸ்டோ தொடங்குகிறவர்களுக்கும், முதல்முறையாக ஒரு செயற்குழுவில் உட்காரப் போகிறவர்களுக்கும் இந்தக் கட்டுரை. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெளியாள் வரலாம்; பல அமைப்புகளுக்கு அவர் வந்தே ஆக வேண்டும். ஆனால் எத்தனை பேர், யார் அழைப்பது, எவ்வளவு காலம், யார் விலக்குவது என்ற நான்கும் எழுத்தில் இல்லாமல் ஒருவரைக்கூட உட்காரவைக்கக் கூடாது. ஏன் இவ்வளவு பிடிவாதம் என்பதற்கு அமெரிக்காவிலிருந்து மூன்று கதைகளும், நம் அரசியலமைப்பிலிருந்தே ஒரு பிரிவும் இருக்கின்றன.

குழு எதற்கு?

ஒரு கம்பெனிக்கு உரிமையாளர்கள் உண்டு. பங்கு வைத்திருப்பவர்கள் லாபம் குறைந்தால் கேள்வி கேட்பார்கள், இயக்குநர்களை மாற்றுவார்கள், ஒன்றும் முடியாவிட்டால் பங்கை விற்றுவிட்டுப் போவார்கள். லாப நோக்கமற்ற அமைப்பில் அப்படி யாரும் கிடையாது. அங்கே சேர்ந்திருக்கும் பணம் யாருக்கும் சொந்தமில்லை. ஒரு நோக்கத்துக்காக நம்பி ஒப்படைக்கப்பட்டது. நன்கொடை கொடுத்தவர் ரசீது வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். பயன்பெறுகிறவர்களோ, இலவச டியூஷனுக்கு வரும் பிள்ளையோ முதியோர் இல்லத்தில் இருக்கும் பாட்டியோ, கணக்குக் கேட்கிற நிலையில் இருப்பதில்லை. ஆகவே கேள்வி கேட்கும் வேலை முழுவதும் குழுவில் இருக்கும் அந்த ஏழெட்டுப் பேர் தலையில் விழுகிறது. அவர்கள் தூங்கிவிட்டால் எழுப்ப ஆளில்லை.

அமைப்பு எப்படிப் பதிவானது என்பதைப் பொறுத்துக் குழுவின் பெயர் மாறும். சங்கம் என்றால் செயற்குழு அல்லது நிர்வாகக் குழு. டிரஸ்ட் என்றால் அறங்காவலர்கள். 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 8ஆம் பிரிவில் லாப நோக்கமற்ற கம்பெனியாகப் பதிவானால் இயக்குநர் குழு. தமிழ்நாட்டில் சங்கங்களுக்கு 1975ஆம் ஆண்டு சங்கங்கள் பதிவுச் சட்டம் இருக்கிறது. குழுவில் குறைந்தது 3 பேர் வேண்டும், அவர்களின் பதவிக்காலம் 3 ஆண்டுகளைத் தாண்டக் கூடாது என்பது அதன் அடிப்படை விதிகளில் ஒன்று. பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான்: வரவு செலவுத் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுப்பது, தலைமைப் பொறுப்பில் இருக்கும் ஊழியரை நியமிப்பது, தேவைப்பட்டால் நீக்குவது, கணக்கைத் தணிக்கைக்கு அனுப்புவது, அமைப்பு தன் நோக்கத்தைவிட்டு வழுவாமல் பார்த்துக்கொள்வது.

வெளியாள் என்றால் யாருக்கு வெளியே?

வாக்குவாதம் பாதி இந்த இடத்தில்தான் குழம்புகிறது. ஒரே கூட்டத்தில் நான்கு பேர் வெளியாள் என்று சொல்வார்கள். நான்கு பேரும் வேறு வேறு ஆளை மனதில் வைத்திருப்பார்கள்.

உறுப்பினர் பட்டியலில் இல்லாதவர் என்பது ஒரு வகை. அமைப்பில் சம்பளம் வாங்காதவர், நிறுவியவரின் சொந்தக்காரர் அல்லாதவர் என்பது இன்னொரு வகை. அமைப்பு யாருக்காக இருக்கிறதோ அந்த மக்களில் ஒருவராக இல்லாதவர் மூன்றாவது. பணம் கொடுக்கும் நிறுவனம் தன் சார்பில் அனுப்புகிறவர் நான்காவது. இவர்களுக்கெல்லாம் ஒரே விதி எழுத முடியாது.

இரண்டாவது வகையைப் பற்றி எனக்குத் தயக்கமே இல்லை. கணவர் தலைவர், மனைவி பொருளாளர், மைத்துனர் செயலாளர் என்று இருக்கும் குழுவில் யார் யாரைக் கேள்வி கேட்பார்கள்? அவர்கள் நேர்மையானவர்களாகவே இருக்கலாம். ஆனால் அந்த நேர்மையை வெளியே இருப்பவர் சரிபார்க்க வழி இல்லை. கலிபோர்னியா மாநிலச் சட்டம் இதற்கு ஓர் எல்லை வைத்திருக்கிறது. பொதுநல அமைப்பு ஒன்றின் இயக்குநர்களில், கடந்த 12 மாதங்களில் அந்த அமைப்பிடம் வேலைக்காகப் பணம் பெற்றவர்களும் அவர்களின் நெருங்கிய உறவினர்களும் சேர்ந்து 49 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இந்தியாவில் பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பெனிகளின் குழுவில் மூன்றில் ஒரு பங்காவது சுயேச்சை இயக்குநர்கள், அதாவது கம்பெனியோடும் அதை நடத்துகிறவர்களோடும் பண உறவோ சொந்தமோ இல்லாதவர்கள், இருந்தாக வேண்டும். 8ஆம் பிரிவு கம்பெனிகளுக்கு 2015இல் இந்தக் கட்டாயத்திலிருந்து விலக்குக் கொடுத்துவிட்டார்கள். சிறிய அமைப்புகளின் சுமையைக் குறைக்கச் செய்ததாக இருக்கலாம். ஆனால் சட்டம் கேட்கவில்லை என்பதற்காக நாமும் கேட்காமல் இருக்க வேண்டியதில்லை.

மற்ற மூன்று வகைகளில்தான் சிக்கல்.

வெளியாட்களே பெரும்பான்மையானால்: காலடெட், 1988

வாஷிங்டனில் காலடெட் பல்கலைக்கழகம் என்று ஒன்று இருக்கிறது. காது கேளாதோருக்கான உயர்கல்வி நிறுவனம். பட்டம் வழங்க அதற்கு அனுமதி கொடுத்த சட்டத்தில் 1864இல் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்டார். அன்றிலிருந்து 124 ஆண்டுகள், காது கேளாத ஒருவர்கூட அதன் தலைவராக வரவில்லை.

1988இல் புதிய தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. இறுதிச் சுற்றில் மூன்று பேர். அவர்களில் இருவர் காது கேளாதவர்கள். மூன்றாவது எலிசபெத் ஜின்சர். வேறொரு பல்கலைக்கழகத்தில் உயர் பொறுப்பில் இருந்தவர், திறமையான நிர்வாகி, காது கேட்பவர். அவருக்குச் சைகை மொழி தெரியாது. மார்ச் 6ஆம் தேதி அறங்காவலர் குழு அவரைத் தேர்ந்தெடுத்தது. அந்தக் குழுவில் அப்போது காது கேட்பவர்கள் 17 பேர், காது கேளாதவர்கள் 4 பேர்.

காத்திருந்த மாணவர்களுக்கு முடிவை நேரில் வந்து சொல்லக்கூட யாரும் வரவில்லை. அச்சடித்த செய்திக்குறிப்புதான் வந்தது. மாணவர்கள் அன்றிரவே குழு தங்கியிருந்த ஹோட்டலுக்கு நடந்தார்கள். மறுநாள் காலை வாகனங்களை வாசலுக்குக் குறுக்கே நிறுத்தி, டயர்களில் காற்றைப் பிடுங்கிவிட்டு வளாகத்தை மூடினார்கள். கோரிக்கைகள் நான்கு: காது கேளாத தலைவர் வேண்டும், குழுவின் தலைவர் ஜேன் ஸ்பில்மன் விலக வேண்டும், குழுவில் காது கேளாதோர் 51 சதவீதம் இருக்க வேண்டும், போராடியவர்கள் மீது நடவடிக்கை கூடாது. நான்கு நாளில் ஜின்சர் விலகினார். மார்ச் 13ஆம் தேதி, காது கேளாதவரான ஐ. கிங் ஜோர்டன் தலைவரானார். குழுவுக்குக் காது கேளாதவரான பிலிப் பிராவின் தலைவரானார்.

எனக்கு அந்த மூன்றாவது கோரிக்கைதான் மிக முக்கியமாகப் படுகிறது. ஒரு நல்ல தலைவர் கிடைத்ததோடு மாணவர்கள் திருப்திப்பட்டிருக்கலாம். ஆனால் அடுத்த தலைவரையும் அதற்கடுத்தவரையும் தேர்ந்தெடுக்கப் போவது குழு என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. காது கேட்பவர்களை முழுவதுமாக வெளியேற்றச் சொல்லவும் இல்லை. பாதிக்குமேல் எங்களுக்கு வேண்டும் என்றார்கள். இன்றும் அந்தக் குழுவில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் மூவருக்கு இடம் இருக்கிறது. நிதியில் பெரும்பகுதி அரசிடமிருந்து வருவதால் அது நியாயம்தான். வெளியாட்கள் உட்காருகிறார்கள், ஆனால் முடிவு அவர்கள் கையில் இல்லை.

மாற்றுத்திறனாளிகளின் உரிமை குறித்த ஐக்கிய நாடுகள் குழு 2018இல் வெளியிட்ட விளக்கமும் இதையே சொல்கிறது: மாற்றுத்திறனாளிகளின் அமைப்பு என்று ஒன்று தன்னை அழைத்துக்கொள்ள வேண்டுமானால், அதை வழிநடத்துவதும் நிர்வகிப்பதும் அவர்களாகவே இருக்க வேண்டும். அவர்களுக்காக மற்றவர்கள் நடத்தும் அமைப்பு நல்லதாகவே இருக்கலாம், ஆனால் அது வேறு வகை.

உறுப்பினர் மட்டும் என்று எழுதினால் போதுமா: சியரா கிளப், 2004

அப்படியானால் வெளியாளே வேண்டாம், உறுப்பினர் மட்டும் என்று எழுதிவிட்டால் பாதுகாப்பு என்று தோன்றும். அது எவ்வளவு மெல்லிய வேலி என்பதற்கு சியரா கிளப் நல்ல உதாரணம்.

ஜான் மியூர் 1892இல் தொடங்கிய இந்தச் சுற்றுச்சூழல் அமைப்புக்கு 2004இல் சுமார் 7,50,000 உறுப்பினர்கள். இயக்குநர்கள் 15 பேர். ஆண்டுக்கு 5 இடங்களுக்குத் தேர்தல். உறுப்பினர் எல்லாருக்கும் வாக்கு. கிளப்பின் நியமனக் குழு பரிந்துரைக்கும் வேட்பாளர்கள் தவிர, சில நூறு உறுப்பினர்களின் கையெழுத்து வாங்கினால் மற்றவர்களும் போட்டியிடலாம். படிக்கவே மனதுக்கு நிறைவான ஜனநாயகம்.

அந்த ஆண்டு, அமெரிக்காவுக்குள் குடியேற்றத்தைக் குறைக்க வேண்டும் என்ற கொள்கையுள்ள மூவர் கையெழுத்து வாங்கிப் போட்டியிட்டார்கள். அவர்களில் ஒருவர் கொலராடோவின் முன்னாள் ஆளுநர் ரிச்சர்ட் லாம். குடியேற்ற விஷயத்தில் கிளப் நடுநிலை வகிக்கும் என்று உறுப்பினர்கள் 1998இலேயே வாக்களித்து முடிவு செய்திருந்தார்கள். அதை மாற்ற வேண்டும் என்பதுதான் இவர்களின் எண்ணம். கிளப்புக்குச் சம்பந்தமே இல்லாத குடியேற்ற எதிர்ப்புக் குழுக்கள் தங்கள் ஆதரவாளர்களிடம், சந்தா கட்டிச் சேர்ந்து வாக்களியுங்கள் என்று கேட்டுக்கொண்டன. சில பத்து டாலர் கட்டினால் எவரும் உறுப்பினர். உறுப்பினர் ஆகிவிட்டால் எவரும் உள்ளாள்.

கிளப்பின் முன்னாள் தலைவர்கள் பலர் பகிரங்கமாக எச்சரித்தார்கள். மோரிஸ் டீஸ் என்ற பிரபல சிவில் உரிமை வழக்கறிஞர், எனக்கு வாக்களிக்காதீர்கள், இந்த ஆபத்தைச் சொல்லத்தான் போட்டியிடுகிறேன் என்று தானும் வேட்பாளரானார். கடைசியில் 1,70,000க்கும் மேற்பட்ட வாக்குகள் விழுந்தன. கிளப்பின் வழக்கத்துக்கு அது மிக அதிகம். மூவரும் பெரிய வித்தியாசத்தில் தோற்றார்கள்.

லாம் தரப்புக்கும் ஒரு வாதம் இருந்தது: மக்கள்தொகைப் பெருக்கமும் சுற்றுச்சூழல் பிரச்சினைதானே, அதைப் பேச உறுப்பினருக்கு உரிமை இல்லையா? உரிமை உண்டு. பேசட்டும், வாக்குக் கேட்கட்டும். ஆனால் வேறு ஒரு நோக்கத்துக்காகக் கட்டிய வீட்டுக்குள் கடைசி மாதத்தில் ஆள்சேர்த்துக்கொண்டு வந்து சாவியைக் கேட்பது வேறு. ஏழு லட்சம் பேர் உள்ள அமைப்பு அந்த அலையைத் தாங்கியது. 80 பேர் உள்ள ஓர் ஊர்ச் சங்கத்தில், பொதுக்குழுவுக்கு முந்தைய வாரம் ஒருவர் 45 பேருக்கும் தானே சந்தா கட்டிச் சேர்த்துவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். இது கற்பனையாகச் சொல்வதல்ல. சங்கத் தேர்தல் வழக்குகளைப் பார்க்கும் எந்த வழக்கறிஞரிடம் கேட்டாலும் இதுபோல ஒன்று சொல்வார்.

இரண்டும் கலந்தால்: விக்கிமீடியா

விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையை நான் இதில் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். இருபது ஆண்டுக்குமேல் இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் அமைப்பு அது. அதன் வாக்காளர்களில் தமிழர்களும் இருக்கிறார்கள். தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது, அறக்கட்டளையும் அதே ஆண்டில் தொடங்கியதுதான்.

முதல் குழுவில் மூவர்: விக்கிப்பீடியாவின் நிறுவனர்களில் ஒருவரான ஜிம்மி வேல்சும் அவரோடு தொழில் செய்த இருவரும். 2004இல் நடந்த தேர்தலில் ஏஞ்சலா பீஸ்லி, புளோரன்ஸ் டெவுவார் என்ற இரண்டு பங்களிப்பாளர்கள், அதாவது விக்கிப்பீடியாவில் எழுதும் தன்னார்வலர்கள், வந்தார்கள். டெவுவார் பின்னர் குழுவுக்கே தலைவரானார். பணமும் ஊழியர்களும் கூடக்கூட, கட்டுரை எழுதத் தெரிந்தவர்களுக்குப் பெரிய நிதியை நிர்வகிக்கத் தெரியுமா என்ற கேள்வி வந்தது. 2008இல் குழுவைப் பத்து இடங்களாக மாற்றினார்கள். பங்களிப்பாளர்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்க 3, நாடுவாரிக் கிளை அமைப்புகள் தேர்ந்தெடுக்க 2, வேல்சுக்கு 1, நிதி, சட்டம் போன்ற துறை அனுபவத்துக்காகக் குழுவே நியமிக்க 4. வெளியாட்களுக்கான கதவு இந்த நான்கு இடங்கள்தான்.

அந்தக் கதவு வழியே நல்லது வந்திருக்கிறது. மும்பையைச் சேர்ந்த ஆவணப்பட இயக்குநரும் பெண்ணுரிமைச் செயல்பாட்டாளருமான பிஷாகா தத்தா 2010இல் குழுவுக்கு வந்தார். விக்கிப்பீடியாவில் எழுதிப் பெயர் வாங்கியவர் அல்ல. அமெரிக்கர்களும் ஐரோப்பியர்களும் நிறைந்த குழுவுக்கு, இந்தியாவிலிருந்து வேறு ஒரு கண் கிடைத்தது. தேர்தல் மட்டும் இருந்திருந்தால் அவர் வந்திருக்க வாய்ப்பில்லை. வாக்காளர்கள் எந்த மொழிகளில் அதிகமோ அந்த மொழிக்காரர்களே ஜெயிப்பார்கள்.

சங்கடமானவையும் வந்தன. 2009இல் ஒமிட்யார் நெட்வொர்க் என்ற நிதி அமைப்பு 20 லட்சம் டாலர் கொடையளித்தது. அதன் பங்குதாரர்களில் ஒருவர் அதே வேளையில் குழுவில் இடம்பெற்றார். சட்டப்படி தவறில்லை. அவர் தவறு செய்தார் என்றும் யாரும் சொல்லவில்லை. ஆனாலும் பெரிய கொடையும் குழுவில் இடமும் ஒரே அறிவிப்பில் வரும்போது, இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று பங்களிப்பாளர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. நம்மூரில் பள்ளிக் கட்டடத்துக்குப் பெரிய தொகை கொடுத்தவரை மரியாதைக்காகக் குழுவில் சேர்ப்பது சர்வ சாதாரணம். கல்வெட்டில் பெயர் போடுங்கள், விழாவில் மாலை போடுங்கள். வாக்குரிமையை மட்டும் கொடைக்குப் பதிலாகக் கொடுக்காதீர்கள்.

2015 டிசம்பர் கடைசியிலும் 2016 ஜனவரியிலும் நடந்ததுதான் உண்மையான சோதனை. ஜேம்ஸ் ஹீல்மன், கனடாவில் அவசர சிகிச்சை மருத்துவர். விக்கிப்பீடியாவின் மருத்துவக் கட்டுரைகளைச் செம்மைப்படுத்துவதில் பல ஆண்டு உழைத்தவர். பங்களிப்பாளர்கள் 2015இல் வாக்களித்துக் குழுவுக்கு அனுப்பினார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 28ஆம் தேதி குழு அவரை நீக்கியது. வாக்களித்தவர்களுக்கு அதிர்ச்சி. நாங்கள் தேர்ந்தெடுத்தவரை நீங்கள் எப்படி நீக்கலாம்? துணைவிதியைப் பிரித்துப் பார்த்தால் விடை இருந்தது. பங்களிப்பாளர்களின் வாக்கு ஒரு பரிந்துரை மட்டுமே. முறைப்படி நியமிப்பது குழு. நியமிக்கும் குழுவுக்கு நீக்கவும் அதிகாரம் உண்டு. அத்தனை ஆண்டுகள் தேர்தல் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தது, எழுத்தில் தேர்தலாக இருக்கவில்லை.

சில நாட்களிலேயே குழு ஒரு வெளியாளை நியமித்தது. கூகுளில் முன்பு ஆள்சேர்ப்புப் பிரிவில் உயர் பொறுப்பு வகித்தவர். பெரிய தொழில்நுட்ப நிறுவனங்கள் ஒன்றின் ஊழியரை இன்னொன்று இழுப்பதில்லை என்று தங்களுக்குள் வைத்திருந்த உடன்பாடு பற்றிய வழக்கில் அவர் பெயர் அடிபட்டிருந்தது. வழக்கு ஆவணங்கள் எல்லாரும் பார்க்கக் கிடைப்பவைதான். நியமனத்துக்கு முன் குழு அவற்றை ஒழுங்காக அலசியதா என்று பங்களிப்பாளர்கள் கேட்டார்கள். நம்பிக்கையில்லா வாக்கெடுப்பு நடத்தினார்கள். அந்த வாக்கெடுப்புக்குச் சட்ட வலு எதுவும் கிடையாது. ஆனாலும் ஜனவரி முடிவதற்குள் அவர் விலகிவிட்டார். 2017 தேர்தலில் ஹீல்மனைப் பங்களிப்பாளர்கள் மறுபடி தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள்.

பிரச்சினை வெளியாளால் வந்தது என்று இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. உள்ளாள் நீக்கப்பட்டதும் வெளியாள் நியமிக்கப்பட்டதும் ஒரே இடத்திலிருந்து வந்த முடிவுகள்: குழு தன்னைத் தானே தேர்ந்தெடுத்துக்கொண்டது, தன்னைத் தானே கழித்துக்கொண்டது. கீழே இருக்கும் பல்லாயிரம் பேருக்கு அதில் எழுத்துப்பூர்வமான பங்கு இல்லை.

2020இல் குழுவை 16 இடங்கள் வரை விரிவாக்கினார்கள்: பங்களிப்பாளர்களும் கிளை அமைப்புகளும் தேர்ந்தெடுக்க 8, குழு நியமிக்க 7, நிறுவனருக்கு 1. இங்கே இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. 2021 தேர்தலில் வாக்களிக்க வேண்டுமானால் ஒருவர் விக்கித் திட்டங்களில் குறைந்தது 300 திருத்தங்கள் செய்திருக்க வேண்டும். தேர்தலுக்கு முந்தைய மாதங்களிலும் கொஞ்சம் வேலை செய்திருக்க வேண்டும். சியரா கிளப்பில் காசு கட்டி உள்ளே வரலாம். இங்கே உட்கார்ந்து வேலை செய்துதான் உள்ளே வர முடியும். ஆயிரம் பேருக்குச் சந்தா கட்டிவிடலாம். ஆயிரம் பேருக்காக 300 திருத்தம் செய்வது லேசுப்பட்ட காரியமல்ல. உறுப்பினர் யார் என்பதை இவ்வளவு கவனமாக வரையறுத்தால், வெளியாளைப் பற்றிய பயம் பாதி குறைந்துவிடும்.

நம் அரசியலமைப்பு சொன்ன வழி

இந்தியாவில் இதற்கு ஒரு யோசனை அரசியலமைப்பிலேயே எழுதப்பட்டது பலருக்குத் தெரியாது. 2011ஆம் ஆண்டின் 97ஆவது திருத்தம் கூட்டுறவுச் சங்கங்களைப் பற்றியது. அதன்படி குழுவில் அதிகபட்சம் 21 இயக்குநர்கள். அதற்கு மேல், வங்கி, மேலாண்மை, நிதி போன்ற துறைகளில் அனுபவம் உள்ள இரண்டு பேர் வரை கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் இப்படிச் சேர்க்கப்பட்டவர்கள் சங்கத் தேர்தல்களில் வாக்களிக்க முடியாது, தலைவர் போன்ற பொறுப்புகளுக்கு வரவும் முடியாது.

கூட்டுறவு மாநிலப் பட்டியலில் உள்ள விஷயம். மாநிலங்களில் பாதியாவது ஒப்புதல் தராமல் இந்தத் திருத்தம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2021 ஜூலையில் தீர்ப்பளித்தது. அதனால் இன்று அந்தப் பகுதி, ஒன்றுக்கு மேற்பட்ட மாநிலங்களில் இயங்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கு மட்டும்தான் பொருந்தும். தீர்ப்பு சரியானது என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த விதியின் அமைப்பு மிகவும் புத்திசாலித்தனமானது. துறை தெரிந்தவர் மேசையில் உட்காரலாம், பேசலாம், கணக்கைக் கேட்கலாம். யார் தலைவர் என்று முடிவு செய்யும் போட்டியில் மட்டும் அவர் யார் பக்கமும் சேர முடியாது. நம் சங்கங்களில் வெளியாளால் வரும் சண்டையில் முக்கால்வாசி அந்தப் போட்டியில் வருவதுதான்.

சரி, துணைவிதியில் என்ன எழுதுவது?

வெளியாள் வேண்டுமா என்பதற்கு முன்னால், அவருக்கு வாக்குரிமை வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நம் சங்கங்களில் சிறப்பு அழைப்பாளர், கௌரவ ஆலோசகர், இலங்கைத் தமிழ் அமைப்புகளில் போஷகர் (புரவலர்) என்றெல்லாம் பதவிகள் இருப்பது சும்மா அல்ல. வாக்கு இல்லாமல் ஆலோசனை மட்டும் வேண்டுமானால் இவையே போதும். மருத்துவ முகாமுக்கு வழிகாட்ட ஒரு டாக்டர் வேண்டும் என்பதற்காக அவரை இயக்குநராக்கி, தாமதமாகப் போன கணக்குக்கு அவரையும் பதில் சொல்ல வைக்க வேண்டாம். பெரிய பெயர் உள்ளவர்களைச் சேர்ப்பதிலும் இதே கதைதான். லெட்டர்ஹெட்டில் பெயர் அழகாக இருக்கும், கூட்டத்துக்கு வரமாட்டார், கோரம் (கூட்டம் நடக்கத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை) இல்லாமல் கூட்டம் தள்ளிப்போகும்.

வாக்குரிமையுள்ள இடமே வேண்டும் என்றால் இப்படி எழுதிப் பார்க்கலாம்: "குழுவில் 9 பேர் இருப்பர். 7 பேரைப் பொதுக்குழு உறுப்பினர்களிலிருந்து தேர்ந்தெடுக்கும். கணக்கு, சட்டம், அல்லது சங்கத்தின் பணித் துறையில் அனுபவமுள்ள, உறுப்பினர் அல்லாத 2 பேர் வரை குழு அழைக்கலாம். அடுத்த பொதுக்குழு ஒப்புதல் தராவிட்டால் அவர்களின் பதவி அன்றோடு முடியும். இவர்கள் தலைவர், செயலாளர், பொருளாளர் பதவிகளுக்கு வர இயலாது. தொடர்ந்து 3 கூட்டங்களுக்கு வராவிட்டால் இடம் காலியாகும். தேர்தல் அறிவிப்புக்கு 6 மாதங்களுக்கு முன் சேர்ந்தவர்களுக்கே பொதுக்குழுவில் வாக்கு உண்டு." எண்களை உங்கள் அளவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பொதுக்குழு ஒப்புதல் என்ற சொற்களை மட்டும் எடுத்துவிடாதீர்கள். பதிவு செய்யும் முன் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டுவதும் அவசியம். உங்கள் அமைப்பு சங்கமா டிரஸ்டா கம்பெனியா என்பதைப் பொறுத்துச் சில வரிகள் மாறும்.

ஆதரவற்ற பிள்ளைகள், முதியோர், மனநலச் சிகிச்சையில் இருப்பவர்கள் போன்றோருக்காக நடக்கும் அமைப்புகளில் இன்னும் ஒரு படி மேலே போக வேண்டும் என்பேன். இங்கே சிறுபான்மையாகக் குறைக்க வேண்டியது வெளியாட்களை அல்ல, நிறுவியவரின் குடும்பத்தை. இல்லத்தில் வளர்ந்து வெளியே போன ஒருவரோ, அங்கே இருப்பவரின் உறவினரோ குழுவில் இருந்தால், சமையலறையில் நடப்பது குழுவின் காதுக்கு வரும்.

அப்புறம், தொடக்கத்தில் சொன்ன அந்த ஆடிட்டர். அவரைத் தாராளமாகச் சேருங்கள். ஆனால் குழுவில் உட்காருகிறவரே சங்கத்தின் கணக்கையும் தணிக்கை செய்து கையெழுத்துப் போடக் கூடாது. தணிக்கைக்கு வேறு ஆடிட்டர் வேண்டும். சிறிய ஊர்களில் செலவு மிச்சம் என்று இரண்டையும் ஒருவரிடமே கொடுப்பதைப் பார்க்கிறோம். அப்படிச் செய்தால் அவர் வந்ததன் பலனே போய்விடுகிறது.

யாரை அழைத்தாலும், சம்மதம் கேட்கும் அன்றே துணைவிதியின் பிரதி, கடைசி 3 ஆண்டுத் தணிக்கை அறிக்கைகள், கடந்த ஓர் ஆண்டின் மினிட்ஸ் நோட்டு ஆகியவற்றைக் கையில் கொடுங்கள். இரண்டு கூட்டங்களுக்குச் சிறப்பு அழைப்பாளராக வந்து உட்காரச் சொல்லுங்கள். அறிக்கையைப் படித்துவிட்டு, இந்த முன்பணம் ஏன் இரண்டு வருடமாகக் கணக்கில் அப்படியே நிற்கிறது என்று கேட்கிறவராக இருந்தால், அவர் பெயரைப் பொதுக்குழுவுக்கு அனுப்பலாம்.